அளவுகோலைத் திருத்தினால் குழந்தை தேறாது

இந்தியக் குழந்தைகள் இயல்பிலேயே சிறிய உடல்வாகு கொண்டவர்கள், அவர்களை உலகப் பொது அளவுகோலால் அளப்பதால்தான் ஊட்டச்சத்துக் குறைந்தவர்களாகத் தெரிகிறார்கள் என்று ஒரு வாதம் பத்தாண்டுகளுக்கும் மேலாக உலவுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் அரவிந்த் பனகாரியா 2013 மே மாதம் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரையில் அது முழு வடிவம் பெற்றது. அதன்பின் அவர் நிதி ஆயோக்கின் முதல் துணைத் தலைவரானார்; பதினாறாவது நிதிக்குழுவின் தலைவருமானார். வாதத்துக்கும் கூடவே பதவி உயர்வு கிடைத்தது. உலகப் பட்டினிக் குறியீடு வெளிவரும்போதெல்லாம் தொலைக்காட்சி விவாதங்களிலும் நாளிதழ்ப் பத்திகளிலும் அது தவறாமல் தலைகாட்டுகிறது. குழந்தைகள் மெலிந்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், அளக்கும் நாடா சரியில்லை என்று பதில் வருகிறது.

வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்து வைப்பதுதான் நியாயம். சாட் போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் சிசு மரணம் இந்தியாவைவிட மிக அதிகம். சராசரி ஆயுளும் குறைவு. ஆனால் பனகாரியா எழுதிய காலத்தில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதம் இந்தியாவில்தான் அதிகமாக இருந்தது. கேரளத்தையே எடுத்துக்கொண்டாலும், சாவு விகிதத்தில் பல மடங்கு முன்னேறிய அந்த மாநிலம், குழந்தைகளின் உயரத்தில் செனகலிடம் தோற்கிறது. எல்லாச் சுகாதாரக் குறியீட்டிலும் முன்னே நிற்கும் நாடு இந்த ஒன்றில் மட்டும் பின்தங்குவது எப்படி? ஆகவே அளவுகோல்தான் தவறு, இந்தியர்கள் மரபணுவால் குட்டையானவர்கள். இதுதான் வாதம். கேட்பதற்குக் கூர்மையாகவே இருக்கிறது. தொட்டுப் பார்த்தால்தான் முனை மழுங்கியிருப்பது தெரியும்.

முதலில் ஒரு சலுகை தருவோம். உயரத்தைப் பற்றிப் பனகாரியா சொல்வது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். இந்தியக் குழந்தை மரபணுவால் குட்டை. அப்படியானாலும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையை இந்த வாதத்தால் ஓர் அங்குலம்கூட அசைக்க முடியாது. ஏனெனில் அந்த நிலையைக் கண்டறியும்போது வயதுக்கேற்ற உயரம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். 75 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆண் குழந்தையை, அதே 75 சென்டிமீட்டர் நீளமுள்ள குழந்தைகளோடுதான் ஒப்பிடுகிறார்கள். அந்த நீளத்துக்கு நடுவாந்தர எடை சுமார் ஒன்பதரை கிலோ. ஏறத்தாழ ஏழரை கிலோவுக்கும் கீழே போனால் கடும் மெலிவு. குட்டையான பரம்பரையில் பிறந்த குழந்தை, தன்னைப் போன்ற குட்டைக் குழந்தைகளோடுதான் இங்கே நிற்கிறது. இரண்டு கிலோ எங்கே போயிற்று என்பதற்கு உயரத்தின் மரபணுவிடம் பதில் இல்லை.

இரண்டாவது அடையாளம் கை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடும் குறைபாடு. பெரியவர் ஒருவர் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்தால் அந்த வளையத்துக்குள் அந்தக் கை அடங்கிவிடும். அங்கன்வாடியில் இருக்கும் வண்ண நாடாவில் சிவப்புப் பகுதி இதுதான். இந்தக் கோட்டை நோர்வேயின் கொழுகொழுக் குழந்தையைப் பார்த்து யாரும் வரையவில்லை. எந்த அளவுக்குக் கீழே போனால் குழந்தைகள் சாகும் வாய்ப்பு பல மடங்கு உயர்கிறது என்று பார்த்து வரைந்தார்கள். மரணத்தை வைத்துப் போட்ட கோட்டை அழகியல் கோடு என்று நினைத்து வாதாடுவது அறியாமை. தெரிந்தே வாதாடினால் அதற்கு வேறு பெயர் உண்டு.

மூன்றாவது அடையாளம் இரு பாதங்களிலும் வரும் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழும். விழுந்த குழி மெல்லத்தான் நிரம்பும். கோல்ட் கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1930களில் உலகுக்கு விவரித்த நோய் இது. நீர் கோத்திருப்பதால் இந்தக் குழந்தையின் எடை குறைந்திருப்பதாகக்கூடத் தெரியாது. எந்த நாட்டின் தனி அளவுகோலைக் கொண்டு இந்த வீக்கத்தை இயல்பு என்று எழுதுவார்கள்?

இனி அந்த உலக அளவுகோலுக்கு வருவோம். அது ஏதோ வெள்ளைக்காரக் குழந்தைகளின் சராசரி என்ற தொனியிலேயே பேசுகிறார்கள். 1977இல் வந்த பழைய அளவுகோல் அமெரிக்கக் குழந்தைகளின் தரவில் எழுந்தது என்பது உண்மை. அந்தக் குறையைப் போக்கத்தான் உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து, 2006இல் புதிய அளவுகோலை வெளியிட்டது. பிரேசில், கானா, நோர்வே, ஓமன், அமெரிக்கா ஆகியவற்றோடு ஆறாவதாக இருந்த நாடு இந்தியா. தெற்கு டெல்லியில் வசதியான, புகையிலைப் புகை அண்டாத, தாய்ப்பால் ஒழுங்காகக் கிடைத்த வீடுகளில் வளர்ந்த குழந்தைகள் ஓஸ்லோ குழந்தைகளுக்கு இணையாக வளர்ந்தார்கள். உயர வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு வரும் பங்கு மிகச் சிறியது, சுமார் 3 விழுக்காடு. ஒரே நாட்டுக்குள் குழந்தைக்குக் குழந்தை இருக்கும் வேறுபாடுதான் மிகப் பெரியது. இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2015இல் நம் நாட்டுக் குழந்தைகளுக்கெனத் தனி வளர்ச்சி வரைபடங்கள் தயாரித்தபோதும், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே தயாரித்தது. ஐந்துக்குக் கீழே உலக அளவுகோலையே பயன்படுத்தச் சொன்னது. இந்திய மருத்துவர்களுக்கு இந்தியக் குழந்தையின் உடல் பற்றித் தெரியாது என்று பொருளியலாளர்கள் கருதினால், அதை வெளிப்படையாகச் சொல்லலாம்.

டெல்லியில் அளக்கப்பட்டவர்கள் மேட்டுக்குடிக் குழந்தைகள், அவர்களை வைத்து நாட்டை அளக்கலாமா என்பார்கள். அளவுகோலின் வேலையே அதுதான். பசியும் நோயும் தடுக்காவிட்டால் ஒரு குழந்தை எவ்வளவு வளரும் என்று அது காட்ட வேண்டும். பசித்த குழந்தைகளின் சராசரியை இயல்பு என்று வைத்தால், பசியே இயல்பாகிவிடும். பிறகு எந்தக் குழந்தைக்கும் எந்தக் குறையும் இருக்காது, காகிதத்தில்.

மரபணு வாதத்துக்கு மரண அடி கொடுக்கும் தகவல்கள் அரசின் சொந்த ஆய்விலேயே கிடக்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வுப்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வளர்ச்சி குன்றியவர்கள் 2005-06இல் 48 விழுக்காடு, 2019-21இல் 35.5. பதினைந்து ஆண்டுகளில் இந்தியரின் மரபணு மாறிவிட்டதா? 2019-21 ஆய்வில் மிக ஏழை ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் அந்த விகிதம் 46. மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கில் 23. மரபணு வருமானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா வேலை செய்கிறது? கடந்த நூறாண்டில் தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. நூறாண்டுக்கு முன் அவர்களைப் பார்த்தவர்களும் கொரியர்கள் பிறவிக் குட்டைகள் என்றுதான் முடிவு கட்டியிருப்பார்கள்.

இன்னும் நேரடியான சான்று ஒன்று. சீமா ஜெயச்சந்திரனும் ரோகினி பாண்டேயும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியக் குழந்தைகளையும் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளின் குழந்தைகளையும் பிறந்த வரிசைப்படி ஒப்பிட்டது. இந்திய வீட்டின் தலைப்பிள்ளை ஆப்பிரிக்கத் தலைப்பிள்ளையைவிடக் குட்டை இல்லை. இரண்டாவது பிள்ளையிலிருந்துதான் உயரம் பின்தங்குகிறது. அடுத்தடுத்த பிள்ளைகளுக்கு இடைவெளி அதிகமாகிறது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே பரம்பரை. மாறியது வீட்டில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த கவனிப்பும் சோறும்தான். ஆண் பிள்ளை மீதான ஆசை எப்படிப் பங்கு பிரிக்கிறது என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது. ஆப்பிரிக்காவோடு ஒப்பிட்டுத்தான் பனகாரியா தன் வாதத்தைக் கட்டினார். அதே ஒப்பீடுதான் அதை இடித்தும் போட்டது.

சாட் நாட்டுப் புதிருக்கும் விடை இல்லாமல் இல்லை. சாவைத் தடுப்பது ஒன்று. உடலை வளர்ப்பது வேறொன்று. தடுப்பூசி, உப்பு-சர்க்கரைக் கரைசல், ஆன்டிபயாட்டிக், மருத்துவமனைப் பிரசவம் ஆகியவை அரைவயிறு உண்ணும் குழந்தையையும் உயிரோடு வைத்திருக்கும். உயிரோடு இருப்பதே நலமாக இருப்பதற்குச் சான்று என்றால், மருத்துவக் கல்லூரிகளில் ஊட்டச்சத்துப் பாடத்தை எடுத்துவிடலாம். தெற்காசியா மட்டும் ஏன் இப்படி என்ற கேள்வியை 1996இலேயே வி. ராமலிங்கசுவாமியும் அவரோடு இருவரும் யுனிசெஃப் வெளியீட்டில் எழுப்பினார்கள். அவர்களின் விரல் பெண்களின் நிலையை நோக்கி நீண்டது. பின்னால் ஆய்வாளர் டயான் காஃபி 2015இல் கணக்கிட்டுக் காட்டினார்: கருவுறும் நேரத்தில் எடை குறைவாக இருக்கும் பெண்கள் இந்தியாவில் 42 விழுக்காடு; சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் 16.5. மெலிந்த தாய், எடை குறைந்த பிள்ளை, பிறகு அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, அதற்குப் பிறகு சவலை. புதிருக்கு விடை வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் மருமகளின் தட்டில் இருக்கிறது. அதைத் தேடி குரோமோசோமுக்குள் போக வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பில் பொருட்படுத்தத்தக்க அறிவியல் கருத்து ஒன்று உண்டு; அதை மறைக்கப் போவதில்லை. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் நீண்ட ஆய்வுகளின் வழியே காட்டியபடி, இந்தியப் பச்சிளங்குழந்தைகள் தசை குறைந்தும் கொழுப்பு ஒப்பளவில் கூடியும் பிறக்கிறார்கள். ஆகவே மெலிவுக் கணக்கில் உடல் அமைப்புக்கும் ஒரு பங்கு இருக்கலாம். கை நாடாவும் எடைக் கணக்கும் பல சமயம் ஒரே குழந்தையைச் சுட்டுவதில்லை என்பதும் உண்மை. நாடாவை மட்டும் நம்பினால் இந்தியாவில் எண்ணிக்கை குறையும். ஆனால் இந்தக் கருத்து யாருக்கும் நற்சான்றிதழ் தரவில்லை. தசை குறைந்து பிறந்த அந்த உடல்தான் நடுவயதில் சர்க்கரை நோய்க்கு முதல் பலியாகிறது என்பதே யாஜ்னிக்கின் ஆய்வு சொல்லும் செய்தி. கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் நிற்கும் குழந்தைகளைப் பற்றி வேண்டுமானால் இதை வைத்து வாதிடலாம். கோட்டுக்கு வெகு கீழே கிடக்கும் குழந்தைக்கு இது எந்தச் சமாதானமும் இல்லை.

அந்தக் குழந்தையின் உடலுக்குள் நடப்பதை இந்த வாதக்காரர்கள் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். கொழுப்பு முதலில் தீரும். பிறகு தசை கரையும். இதயத்தின் தசையும் அதில் சேரும். உடல் செலவைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் சிணுங்குவதைக்கூட நிறுத்திக்கொள்ளும். தொற்று உள்ளே பரவினாலும் காய்ச்சல் வராது, காய்ச்சலுக்கும் சக்தி வேண்டும். சர்க்கரை இறங்கும், உடல் சில்லிடும். இப்படிப்பட்ட குழந்தைக்கு வழக்கமான அளவில் நரம்பு வழியே நீர் ஏற்றினால் இதயம் திணறி நின்றுபோகலாம். ஆசைக்கு ஒரேயடியாக நிறைய ஊட்டினாலும் ஆபத்து. அதனால்தான் மருத்துவமனையில் 100 மில்லியில் 75 கலோரி மட்டுமே உள்ள பால் கலவையை, இரவு பகல் பாராமல், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறார்கள். உடல் நிலைப்பட்ட பிறகே 100 கலோரிக் கலவை. இரும்புச்சத்தைக்கூடத் தொடக்கத்தில் தருவதில்லை. இவ்வளவு நுட்பமான சிகிச்சை தேவைப்படும் நிலையை உடல்வாகு என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள்.

சிகிச்சைதான் இந்த வழக்கின் கடைசிச் சாட்சியும். டெல்லி, ராஜஸ்தான், வேலூர் ஆகிய இடங்களில் கடும் குறைபாடுள்ள 906 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. அவர்களை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் செறிவூட்டிய வீட்டுணவும், மற்ற இரண்டுக்கு வேர்க்கடலை, பால்பொடி, எண்ணெய், சர்க்கரை, தாதுக்கள் கலந்த சிகிச்சைப் பசையும் கொடுத்தார்கள். உள்ளூரில் தயாரித்த பசையை உண்டவர்களில் 57 விழுக்காட்டினர் தேறினார்கள். வீட்டுணவுப் பிரிவில் 43. எல்லோரும் தேறவில்லை; ஏழ்மையும் தொற்றும் பசையால் மட்டும் தீருவதில்லை. ஆனால் பிறவியிலேயே அப்படித்தான் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் கடலைப் பசை தின்று சதை பிடித்தார்கள். கடலை தின்றால் மாறிவிடும் மரபணுவைப் பற்றி உயிரியல் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

அளவுகோல் வாதம் சலித்துப்போனவர்கள் இப்போது வேறு எண்ணைக் காட்டுகிறார்கள். 2023இல் உலகப் பட்டினிக் குறியீடு இந்தியாவை 125 நாடுகளில் 111ஆவது இடத்தில் வைத்தபோது, ஒன்றியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ‘போஷன் டிராக்கர்’ செயலியின் கணக்கை எடுத்து நீட்டியது. மெலிந்த குழந்தைகள் 7.2 விழுக்காட்டுக்கும் குறைவாம். குறியீடு சொன்னது 18.7. அமைச்சகமே மறந்துபோன எண் ஒன்று இருக்கிறது: 19.3. அது எந்த வெளிநாட்டு அமைப்பும் சொன்னதல்ல. 2019-21இல் இந்திய அரசின் குடும்பநல ஆய்வே சொன்னது. கடும் மெலிவு மட்டும் 7.7 விழுக்காடு என்றும் அதே ஆய்வுதான் சொன்னது. ஒன்று, வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பயிற்சி பெற்றவர்கள் அளந்த கணக்கு. மற்றது, மையத்தில் பதிவான குழந்தைகளை, குறைந்த மதிப்பூதியத்தில் கூடுதல் வேலைகளுக்கு நடுவே அங்கன்வாடி ஊழியர் அளந்து பதிவேற்றிய கணக்கு. மையத்துக்கே வராத குழந்தையை, தாயோடு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விட்ட குழந்தையைச் செயலி காணாது. அன்றாட வேலைக்குச் செயலி உதவட்டும். நாட்டின் நிலையைச் சொல்லும் தராசாக அதை ஏற்க முடியாது.

மாநிலவாரியாகப் பார்த்தால் கதை இடத்துக்கு இடம் மாறுகிறது. வளர்ச்சிக்கு முன்மாதிரி என்று கொண்டாடப்படும் குஜராத்தில் கடும் மெலிவு 2015-16இல் 9.5 விழுக்காடு, 2019-21இல் 10.6. பணக்கார மகாராஷ்டிரத்தில் 9.4 என்பது 10.9 ஆனது. மேல்காட்டின் கொர்க்குப் பழங்குடிக் குழந்தைகளின் சாவுகள் 1990களிலேயே தலைப்புச் செய்தியான மாநிலம் அது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் 7.9 என்பது 5.5 ஆகக் குறைந்தது. இது பெருமைப்பட வேண்டிய எண் அல்ல. இருபது குழந்தைகளில் ஒன்று இன்னும் அந்த நிலையில் கிடக்கிறது. ஆனால் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 1982இன் சத்துணவு, அங்கன்வாடியில் முட்டை, 2022இல் வந்த ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ என்று அரசுகள் மாறினாலும் விடாமல் நடந்த வேலைக்கு இந்தத் திசையில் ஒரு பங்கு உண்டு. பழங்குடிப் பகுதி அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்கலாம் என்ற யோசனையை 2015இல் மத்தியப் பிரதேச முதல்வர் நிராகரித்தார். முட்டையை மறுத்துவிட்டு மரபணுவைக் குறைசொல்வது எவ்வளவு வசதி!

வசதிதான் இந்த வாதத்தின் உயிர்நாடி. அளவுகோல் தவறென்றால் நோயாளி இல்லை. நோயாளி இல்லையென்றால் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்க வேண்டாம். 2009இல் பிகாருக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் யுனிசெஃப் கொண்டுவந்த சிகிச்சைப் பசையை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பச் சொன்னது. பன்னாட்டு நிறுவனங்கள் குழந்தை உணவுச் சந்தையைப் பிடித்துவிடும் என்ற அச்சத்தில் நியாயம் இருந்தது. அப்படியென்றால் உள்நாட்டிலேயே, மகளிர் குழுக்கள் மூலமோ பொதுத்துறை மூலமோ, அதற்கு ஈடான ஒன்றைப் பரவலாகத் தயாரித்திருக்க வேண்டும். 2017இல் மாநிலங்களுக்குப் போன கடிதமும் இந்தப் பசை ஏற்கப்பட்ட கொள்கை அல்ல என்றுதான் சொன்னது. எது ஏற்கப்பட்ட கொள்கை என்று கேட்ட தாய்மாருக்கு, 2023 அக்டோபரில்தான் ஒரு நெறிமுறை வந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்ததெல்லாம் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள். அங்கே பிள்ளையோடு இரண்டு வாரம் தங்க வேண்டும். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு, தினக்கூலியை இழந்து எத்தனை தாய்மாரால் தங்க முடியும்? மற்ற நோய்ச் சிக்கல் இல்லாத, பசியெடுத்துச் சாப்பிடுகிற குழந்தையை வீட்டில் வைத்தே தேற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2007இலேயே சொல்லிவிட்டன. பெரும்பாலான குழந்தைகள் அந்த வகைதான்.

கடும் மெலிவு 7.7 விழுக்காடு என்பது எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். புதிய இந்திய அளவுகோல் வந்தால் இவர்களில் பல லட்சம் பேர் ஒரே நாளில் பட்டியலிலிருந்து மறைந்துபோவார்கள். கை அதே பருமனில்தான் இருக்கும். அடுத்த வயிற்றுப்போக்கில் சாகும் வாய்ப்பும் அப்படியே இருக்கும். பட்டியலில் பெயர் இல்லாததால் சிகிச்சை மட்டும் கிடைக்காது. அளவுகோலைத் திருத்தக் கோருபவர்கள் கேட்பது உண்மையில் இதைத்தான். தெரியாமல் கேட்டாலும் விளைவு ஒன்றுதான்.

எனவே ஒன்றிய அரசு முதலில் செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்யட்டும். ஒவ்வோர் அங்கன்வாடியிலும் மாதந்தோறும் நாடா பிடித்து அளப்பதை உறுதிசெய்யட்டும். அளக்கும் ஊழியருக்கு ஒழுங்கான சம்பளம் தரட்டும். வீட்டில் வைத்துத் தரும் சிகிச்சை உணவு எது, எங்கே தயாராகும், எந்த மாவட்டத்துக்கு எந்தத் தேதியில் போய்ச் சேரும் என்று அறிவிக்கட்டும். கருவுறும் முன்பே பெண்ணின் தட்டு நிறைய வழி செய்யட்டும். அந்த எண்பது லட்சம் குழந்தைகளும் தேறிய பிறகு, நேரம் மிச்சமிருந்தால், மரபணுவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம்.